காத்திருக்கும் கணிப்பொறி

மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் (கணிப்பொறி அறிவியல்)

மருத்துவரிடம் செல்லும் நோயாளி, "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டால் அவர் என்ன மருந்து தருவார்? எங்கே வலி, எத்தனை நாளாக, சாப்பிடும் முன்பா பின்பா என்றெல்லாம் கேட்ட பிறகே மேலே செல்வார். நோய் இன்னது என்று அறிந்து, அது வந்த காரணத்தையும் அறிந்து, தணிக்கும் வழியையும் ஆராய்ந்த பிறகே மருந்தில் கை வைக்க வேண்டும் என்பது வள்ளுவர் வகுத்த முறை. அம்முறை மனித உடலுக்கு மட்டும் உரியதன்று. இயந்திரத்துக்கும் அது முற்றும் பொருந்தும் என்பதைச் சென்ற கோடை விடுமுறையில் நான் பெற்ற களப்பயிற்சி எனக்குக் கற்பித்தது.

"சர்வர் ஸ்லோ." வங்கியிலும் அஞ்சலகத்திலும் பத்திரப்பதிவு அலுவலகத்திலும் இந்த இரண்டு சொற்களைக் கேட்காதவர் நம்மில் யார்? இதைக் கேட்டதும் நாம் பெருமூச்சு விட்டுக்கொண்டு பலகையில் அமர்ந்துவிடுகிறோம். அச்சொற்களுக்குப் பின்னால் உண்மையில் என்ன நடக்கிறது, அதைக் கண்டுபிடிப்பது எப்படி, கண்டபின் சரிசெய்வது எப்படி என்பதை ஓர் உண்மை நிகழ்ச்சியைக் கொண்டு விளக்க முயல்கிறேன். வரலாறு, தமிழ், வணிகவியல் பயிலும் நண்பர்களுக்கும் விளங்கவேண்டும் என்பதால் அடிப்படையிலிருந்தே தொடங்குகிறேன்.

சர்வரும் நிர்வாக மென்பொருளும்

உணவு விடுதியில் பரிமாறுபவரையும் நாம் சர்வர் என்றே அழைக்கிறோம். பொருத்தமான பெயர்தான். பல மேசைகளிலிருந்து பலர் கேட்பதை வாங்கி, உள்ளே சென்று, கொண்டுவந்து தருவது அவர் வேலை. அலுவலகத்துச் சர்வரும் அதையேதான் செய்கிறது. பல கணிப்பொறிகளிலிருந்து வரும் கேள்விகளுக்குத் தன்னிடமுள்ள தரவுத்தளத்தில் தேடி விடை தருகிறது.

தரவுகளை அட்டவணைகளாக அடுக்கி வைக்கும் முறையை 1970-இல் ஐ.பி.எம். ஆய்வாளர் எட்கர் காட் ஒரு கட்டுரையில் முன்வைத்தார். அந்த அட்டவணைகளிடம் கேள்வி கேட்கும் மொழியை 1974-இல் அதே நிறுவனத்தின் சேம்பர்லினும் பாய்ஸும் வெளியிட்டனர். அதுவே இன்று எஸ்.க்யூ.எல். என வழங்குகிறது. இதை அடிப்படையாகக் கொண்ட மைக்ரோசாஃப்டின் எஸ்.க்யூ.எல். சர்வர் 1989-இல் வெளிவந்தது. அதனை மேற்பார்வை செய்ய, 2005-ஆம் ஆண்டுப் பதிப்புடன் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோ என்னும் நிர்வாக மென்பொருள் வந்தது. தரவுத்தளங்களைப் பார்ப்பது, நகல் எடுத்து வைப்பது, கேள்வி எழுதிப் பட்டியல் எடுப்பது ஆகிய எல்லாம் இந்த ஒரு சாளரத்தின் வழியாகவே நடைபெறும். தரவுத்தளம் சேமிப்புக் கிடங்கு என்றால், இது கிடங்குக் காப்பாளரின் மேசை எனலாம்.

ஆகவே ஒன்றை முதலிலேயே மனத்தில் கொள்ளவேண்டும். மேசை வேறு, கிடங்கு வேறு. மேசையில் தாமதம் என்றால் கிடங்கைக் குறை கூறுவதும், கிடங்கில் தாமதம் என்றால் மேசையை மாற்றுவதும் பயன் தரா.

நான் கண்ட இடம்

பயிற்சிக்காக நான் சென்றது பால் உற்பத்தியாளர்களின் கணக்கைப் பராமரிக்கும் ஓர் அலுவலகம். கிராமச் சங்கங்களில் ஊற்றிய பாலின் அளவும் தரமும் அங்கே பதிவாகும். பத்து நாளுக்கு ஒருமுறை பட்டுவாடாப் பட்டியல் தயாரித்து, நண்பகலுக்குள் வங்கிக்கு அனுப்பவேண்டும். நண்பகல் தாண்டினால் பணம் மறுநாள்தான் கணக்கில் ஏறும். மறுநாள் விடுமுறையாக அமைந்தால் அதற்கும் அடுத்த நாள். இரண்டு கறவை மாடுகளை நம்பி வாழும் ஒரு குடும்பத்துக்கு அந்த இரண்டு நாள் என்பது தவிட்டுக் கடையில் சொல்லவேண்டிய சமாதானம். புண்ணாக்கு வாங்க வேறோர் இடத்தில் கைநீட்ட வேண்டிய நிலை.

பட்டியல் தயாரிக்கும் பொறுப்பு கணிப்பொறி உதவியாளராக இருந்த ஓர் அக்காவிடம் இருந்தது. மூன்று தவணைகளாகப் பட்டியல் தாமதம். மேலதிகாரிகள் காரணம் கேட்டுக் குறிப்பு அனுப்பியிருந்தார்கள். "தம்பி, நான் சும்மா உட்கார்ந்திருக்கேன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. சும்மா உட்கார்ந்திருக்கிறது இந்த மெஷின்தான்" என்று அவர் முதல் நாளே என்னிடம் சொன்னார். புலம்பலாக அவர் சொன்ன அந்தச் சொல்லே நோயின் பெயர் என்பது பிறகு தெரியவந்தது.

அங்கிருந்தது எஸ்.க்யூ.எல். சர்வர் 2008-இன் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பு. அதில் ஒரு தரவுத்தளம் 4 ஜிகாபைட்டுக்கு மேல் வளரக் கூடாது. அதனால் ஆண்டுக்கு ஒரு தரவுத்தளமாகப் பிரித்துப் பதினான்கு தரவுத்தளங்கள் வைத்திருந்தார்கள். பாதுகாப்பு கருதி அந்தச் சர்வருக்கு இணையத் தொடர்பு துண்டிக்கப்பட்டிருந்தது. இந்த இரண்டு செய்திகளையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

தாமதம் இருவகை

ஒரு வேலை தாமதமாவதற்கு இரண்டே காரணங்கள்தாம் இருக்க முடியும். ஒன்று, வேலை செய்பவன் வேலை செய்துகொண்டே இருக்கிறான், வேலை மிகுதி. மற்றொன்று, வேலை செய்பவன் எதற்காகவோ காத்திருக்கிறான், வேலையே நடக்கவில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். மருந்தோ நேர் எதிரானது. முதல் வகைக்கு ஆள் பலம் கூட்டவேண்டும். இரண்டாம் வகைக்கு எத்தனை ஆள் சேர்த்தாலும் பயனில்லை, அத்தனை பேரும் சேர்ந்து காத்திருப்பார்கள்.

இதை அறிய நான்கு உறுப்புகளைப் பார்க்கவேண்டும். அவை கணக்கிடும் செயலி, நினைவகம், வட்டு, வலையமைப்பு என்பன. விண்டோஸில் டாஸ்க் மேனேஜர், ரிசோர்ஸ் மானிட்டர் என்னும் இரண்டு கருவிகள் கூடவே வருகின்றன. காய்ச்சல் மானியும் நாடியும் போல இவை நான்கு உறுப்புகளின் நிலையையும் நொடிக்கு நொடி காட்டும்.

இவற்றுள் வட்டைப் பற்றி ஒரு சொல். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வட்டு ஒரு சுற்றுச் சுற்ற 8.3 மில்லி நொடி ஆகிறது. வேண்டிய தரவு ஊசியின் அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்றாவது காத்திருக்கவேண்டும். ஊசி இடம் மாறும் நேரத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ 10 மில்லி நொடி. நினைவகத்திலிருந்து எடுப்பதோ ஏறத்தாழ ஒரு நொடியில் கோடியில் ஒரு பங்கு. அதாவது இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு லட்சம் மடங்கு வேறுபாடு. நினைவகத்தில் கிடைப்பது ஒரு நொடியில் என்று வைத்துக்கொண்டால், வட்டிலிருந்து வருவதற்கு ஒரு நாளுக்கு மேல் ஆகும். நினைவகம் போதாத சர்வர் திணறுவதன் காரணம் இதுவே.

அளந்து பார்த்தல்

"மெதுவாக" என்பது ஓர் அளவு அன்று. அது ஓர் உணர்வு. ஆகவே முதல் வேலையாக ஒரு நோட்டுப் புத்தகமும் கைக்கடிகாரமும் எடுத்துக்கொண்டேன். நிர்வாக மென்பொருளைச் சொடுக்கியது முதல் அதன் சாளரம் திறக்கும்வரை ஆகும் நேரத்தை ஐந்து முறை குறித்தேன். 47, 48, 48, 47, 48 நொடிகள்.

இவ்வெண்களை உற்றுப் பாருங்கள். வேலை மிகுதியால் வரும் தாமதம் இப்படி ஒரே சீராக இராது. காலையில் ஒன்றாகவும், கூட்டம் மிகுந்த பதினோரு மணிக்கு வேறாகவும், மாலையில் குறைவாகவும் இருக்கும். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே அளவு தாமதம் என்றால், யாரோ எங்கோ ஒரு குறிப்பிட்ட நேரம்வரை பொறுத்துப் பார்த்துவிட்டுக் கைவிடுகிறார்கள் என்றே பொருள்.

அந்த 48 நொடியில் உறுப்புகளின் நிலை என்ன? செயலி நூற்றுக்கு மூன்று பங்குகூட உழைக்கவில்லை. நினைவகத்தில் பாதி காலியாகக் கிடந்தது. அந்த இலவசப் பதிப்பு தரவுக்காக 1 ஜிகாபைட்டுக்கு மேல் நினைவகம் எடுக்காது. ஆகவே அங்கும் நெருக்கடி இல்லை. வட்டின் விளக்கு எப்போதாவது ஒருமுறை கண் சிமிட்டியது. நான்கில் மூன்று உறுப்புகள் ஓய்வில் இருந்தன. அக்கா சொன்னது மெய். மெஷின் சும்மாதான் உட்கார்ந்திருந்தது.

எஞ்சியது வலையமைப்பு. விண்டோஸில் நெட்ஸ்டாட் என்னும் கட்டளை, அந்த நொடியில் எந்தெந்த இணைப்புகள் எந்த நிலையில் உள்ளன என்று பட்டியலிடும். மென்பொருள் திறந்துகொண்டிருந்தபோது அதை இயக்கினேன். அலுவலகத்துக்கு வெளியே உள்ள ஒரு முகவரிக்குச் செல்லும் இணைப்பு ஒன்று "சின் சென்ட்" என்ற நிலையில் நின்றது. "அழைப்பு அனுப்பியாயிற்று, இன்னும் பதில் இல்லை" என்பது அதன் பொருள்.

உள்ளூர்த் தரவுத்தளத்தைத் திறக்கும் மென்பொருளுக்கு வெளியுலகில் என்ன வேலை?

முத்திரையும் ரத்துப் பட்டியலும்

விடை சுவையானது. நிறுவனங்கள் தாம் வெளியிடும் மென்பொருளில் மின்னணு முத்திரை ஒன்றைப் பதிக்கின்றன. இது எங்கள் சரக்கு, இடையில் யாரும் திருத்தவில்லை என்பதற்கு அம்முத்திரை சான்று. ஆனால் முத்திரையைத் திருடர்கள் கைப்பற்றிவிட்டால்? அதற்காகவே செல்லாத முத்திரைகளின் ரத்துப் பட்டியல் ஒன்றை இணையத்தில் வெளியிட்டு வைக்கிறார்கள். காணாமற்போன காசோலைகளின் எண்களை வங்கி அறிவிப்பதைப் போன்றது இது.

2008-ஆம் ஆண்டின் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோ, டாட்நெட் என்னும் அடித்தளத்தின் பழைய பதிப்பின்மேல் எழுந்தது. அந்த அடித்தளம் முத்திரையிட்ட பகுதிகளை நினைவகத்தில் ஏற்றும்போது, அம்முத்திரை ரத்தானதா என்று இணையத்திலுள்ள பட்டியலைப் பார்க்க முயலும். இணையம் இருந்தால் அரை நொடியில் முடியும் வேலை. இணையம் துண்டிக்கப்பட்ட சர்வரிலோ, அழைப்பு போகிறது, பதில் வரவில்லை. விண்டோஸ் இத்தகைய பட்டியலைப் பெற ஒருமுறை காத்திருக்கும் இயல்பான வரம்பு 15 நொடி. 15 மும்முறை 45. அதனுடன் மென்பொருள் தன் சொந்த வேலைக்கு எடுத்துக்கொள்ளும் இரண்டு மூன்று நொடியைச் சேர்த்துப் பாருங்கள். நோட்டுப் புத்தகத்து எண் வந்துவிட்டது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். இணையம் இல்லை என்பது உடனே தெரிந்துவிடாதா? தெரியாது என்பதே இதிலுள்ள நுட்பம். ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறோம். "ஆள் இல்லை" என்று உள்ளிருந்து ஒரு குரல் வந்தால் உடனே திரும்பிவிடுவோம். எந்தக் குரலும் வராவிட்டால், குளித்துக்கொண்டிருப்பாரோ, கொல்லையில் இருப்பாரோ என்று சற்று நேரம் நிற்போம். அந்த அலுவலகத்தின் காவல் அரண், வெளியே செல்லும் அழைப்புகளை மறுத்துப் பதில் சொல்லாமல் ஓசையின்றி விழுங்கிக்கொண்டிருந்தது. பகைவருக்கு எந்தத் தகவலும் தராமல் இருப்பது அரணுக்கு நல்ல குணம்; உள்ளே இருக்கும் நம் மென்பொருளுக்கோ அதுவே காத்திருப்பு.

ஊகம் சரியா என்று சோதிக்கவேண்டும். இயற்பியல் ஆய்வகத்தில் ஒரு நேரத்தில் ஒரே ஓர் அளவை மட்டும் மாற்றுகிறோம் அல்லவா? அதே பதிப்பை இணையத் தொடர்புள்ள ஒரு மடிக்கணினியில் திறந்தேன், 4 நொடி. அதே மடிக்கணினியின் தொடர்பைத் துண்டித்து அரணுக்குப் பின்னால் இணைத்துத் திறந்தேன்; 48 நொடி. பொறி அதுவே, மென்பொருள் அதுவே, மாறியது ஒன்றே. இனி ஐயமில்லை.

மருந்தும் பத்தியமும்

தணிக்கும் வழிகள் மூன்று தென்பட்டன. முதலாவது, கணிப்பொறி முழுவதற்கும் ரத்துப் பட்டியல் சோதனையையே நிறுத்திவிடுவது. எளிய வழி, ஆனால் எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது போன்றது. அச்சோதனை இருப்பது ஒரு காரணத்துக்காக. இரண்டாவது, பட்டியல் இருக்கும் முகவரியைக் கணிப்பொறியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதித் தன்னையே சுட்டுமாறு செய்வது. அப்போது "ஆள் இல்லை" என்ற பதில் ஓரிரு நொடியில் வந்துவிடும். ஆனால் இதுவும் எல்லா மென்பொருளையும் பாதிக்கும்; ஆண்டுகள் கழித்து வருபவருக்கு ஏன் இப்படி எழுதினார்கள் என்பதும் விளங்காது. மூன்றாவது, அந்த ஒரு மென்பொருளின் அமைப்புக் கோப்பில் மட்டும், ஏற்றும்போது வெளியீட்டாளர் சான்று தேடவேண்டாம் என்று குறிப்பது. ஜெனரேட் பப்ளிஷர் எவிடென்ஸ் என்னும் அந்த அமைப்பு இதற்கென்றே தரப்பட்டது.

அலுவலகத்தின் பொறுப்பாளரிடம் மூன்றையும் எழுதிக் காட்டி, அவர் ஒப்புதலுடன் மூன்றாவதைச் செய்தோம். பழைய கோப்பை நகல் எடுத்து வைத்த பிறகே கை வைத்தோம். மென்பொருள் 4 நொடியில் திறந்தது. அக்கா ஒருமுறை மூடி மறுபடி திறந்து பார்த்தார். பிறகு இன்னொரு முறையும்!

2010-இல் வந்த டாட்நெட் நான்காம் பதிப்பு முதல் ஏற்றும்போது இந்தச் சான்று தேடும் வழக்கம் இல்லை. ஆகவே புதிய மென்பொருள்களில் இதே அமைப்பைத் தேடி அலையவேண்டியதில்லை. ஆனால் பதில் வராத முகவரிக்காகக் காத்திருத்தல் என்னும் நோய் பல உருவங்களில் இன்றும் உண்டு. கண்டறியும் முறை ஒன்றே.

அடுத்தடுத்த தாமதங்கள்

ஒரு நோய் தணிந்த பிறகுதான் அதன் கீழ் மறைந்திருந்த அடுத்த நோய் தெரியும். மென்பொருள் விரைவாகத் திறந்தது. ஆனால் தரவுத்தளங்களின் பெயர்ப் பட்டியலை விரித்தால் ஒரு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. இம்முறை வட்டு கடுமையாக உழைத்தது. ஆக, இது வேலை மிகுதி. என்ன வேலை? சர்வர் தன் நாட்குறிப்பில் "இன்ன தரவுத்தளத்தைத் தொடங்குகிறேன்" என்ற வரியை ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை எழுதியிருந்தது.

காரணம் ஆட்டோ குளோஸ் என்னும் அமைப்பு. கடைசியாகப் பயன்படுத்தியவர் வெளியேறியதும் தரவுத்தளத்தைத் தானாகவே மூடிவிடும் ஏற்பாடு அது. இலவசப் பதிப்பில் உருவாக்கும் தரவுத்தளங்களுக்கு இது இயல்பாகவே இயங்கும் நிலையில் இருக்கும். வீட்டுக் கணிப்பொறிக்கு ஏற்ற சிக்கனம்; அலுவலகத்துக்கு ஏற்றதன்று. ஒவ்வொருவர் வரும்போதும் பூட்டைத் திறந்து, போனதும் பூட்டும் நூலகத்தை எண்ணிப் பாருங்கள்! பெயர்ப் பட்டியலை விரிக்கும்போது பதினான்கு பூட்டுகளையும் வரிசையாகத் திறக்க வேண்டியிருந்தது. அந்த அமைப்பை நிறுத்தியதும் பட்டியல் உடனே விரிந்தது.

இவையெல்லாம் அக்காவின் எரிச்சலைத் தணித்தன. பட்டுவாடாவைத் தாமதப்படுத்திய உண்மையான குற்றவாளி மூன்றாவதாக அகப்பட்டது.

பட்டியல் எடுக்கும் கேள்வி சில நாள் இருபது நொடியில் முடிந்தது. சில நாள் அரை மணி ஆகியும் முடியவில்லை. நேரம் சீராக இல்லை; ஆனால் செயலியும் வட்டும் ஓய்வில் இருந்தன. மறுபடியும் காத்திருப்பு. இப்போது யாருக்காக? தரவுத்தளத்துக்குள்ளே யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று காட்டும் கட்டளை ஒன்று உண்டு, எஸ்.பி. ஹூ டூ என்பது அதன் பெயர். அதில் ஒரு பத்தி, தடுத்துக்கொண்டிருப்பவரின் எண்ணைக் காட்டும். எண்ணைப் பிடித்துச் சென்றால், பக்கத்து அறையில் ரசீது திருத்தும் கணிப்பொறியில் முடிந்தது.

பணத்தைக் கையாளும் தரவுத்தளத்தில், ஒருவர் ஒரு கணக்கைத் திருத்தத் தொடங்கினால், திருத்தம் முடியும்வரை அந்தக் கணக்கில் ஒரு பூட்டு விழும். பாதித் திருத்தத்தைப் பிறர் படித்துவிடக் கூடாதே! திருத்தம் ஒரு நொடியில் முடிந்தால் பூட்டை யாரும் உணரமாட்டார்கள். அந்தத் திருத்தத் திரையோ, திறந்த உடனே பூட்டைப் போட்டு, 'சேமி' என்னும் பொத்தானை அழுத்தும்வரை விடாதபடி எழுதப்பட்டிருந்தது. திரையைத் திறந்து வைத்துவிட்டு ஒருவர் தேநீர் குடிக்கப் போனால், ஆயிரக்கணக்கான பால்காரர்களின் பட்டியல் தேநீர்க் கடையில் அவருடன் நின்றது.

இதற்கும் ஒரு குறுக்குவழியை யாரோ முன்பே அங்கு எழுதித் தந்திருந்தார்கள். நோலாக் என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் கேள்வி பூட்டை மதிக்காமல் படித்துக்கொண்டு போகும். வேகம் கிடைக்கும், ஆனால் பாதித் திருத்தத்தையும் படித்துவிடும். நாளை ரத்தாகப் போகும் தொகையும் பட்டியலில் ஏறலாம். நூறு லிட்டர் ஊற்றியவருக்குப் பத்து லிட்டர் பணம் போனால் அந்த வேகத்தால் யாருக்கு லாபம்? விரைவான தவறான பட்டியலைவிடத் தாமதமான சரியான பட்டியலே மேல் என்று அக்கா அதைத் தொடவே மறுத்திருந்தார். அவர்மீது வந்த பழிக்கு அந்த நேர்மையும் ஒரு காரணம்.

பட்டுவாடா நாளில் காலை பத்து மணியுடன் திருத்தத் திரைகளை மூடவேண்டும் என்று பொறுப்பாளர் ஒரு சுற்றறிக்கை விட்டார். 'சேமி' அழுத்தும் கணத்தில் மட்டும் பூட்டு விழுமாறு திரையை மாற்றித் தரும்படி மென்பொருள் எழுதியவர்களுக்குக் கடிதம் சென்றது. அடுத்த தவணைப் பட்டியல் பதினொன்றே காலுக்கு வங்கிக்குப் போய்விட்டது. காரணம் கேட்ட குறிப்புக்கு, தடை எங்கே இருந்தது என்பதை நேரங்களுடன் எழுதிப் பதில் அனுப்பினார்கள். அக்காவின் பெயரில் இருந்த கறை நீங்கியது.

புதிய சர்வர் வாங்கினால் என்ன?

இதற்கு முன்பே புதிய சர்வர் வாங்கும் யோசனை அந்த அலுவலகத்தில் எழுந்திருந்தது. வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 1967-இல் ஜீன் ஆம்டால் என்ற பொறியாளர் இதற்கான கணக்கைத் தெளிவாக்கினார். ஒரு வேலையின் எந்தப் பகுதியை விரைவாக்குகிறோமோ, அந்தப் பகுதியின் அளவுக்கு மேல் நன்மை கிட்டாது என்பது அவர் கருத்தின் சாரம். 48 நொடியில் 45 நொடி காத்திருப்பு. 3 நொடியே வேலை. செயலியின் வேகத்தை இருமடங்காக்கினால் 3 நொடி ஒன்றரை ஆகும். மொத்தம் 46½ நொடி. பல லட்ச ரூபாய்க்கு ஒன்றரை நொடி!

புதிய பொறி எப்போதுமே வீண் என்று நான் சொல்லவில்லை. வேலை மிகுதியே நோயானால் அதுவே மருந்து. 1909-இல் டென்மார்க்கில் எர்லாங் என்பவர் தொலைபேசி நிலையத்தின் நெரிசலைக் கணக்கிட முற்பட்டார். அங்கே பிறந்த வரிசைக் கோட்பாடு ஓர் அரிய உண்மையைக் காட்டுகிறது. ஒரே ஒரு சாளரம். ஆட்கள் ஒழுங்கின்றி வருகிறார்கள். ஒருவருக்குச் சராசரியாக ஒரு நிமிட வேலை. அதற்குரிய எளிய சூத்திரத்தின்படி, சாளரம் பாதி நேரம் உழைத்தால் வந்தவர் திரும்பச் சராசரியாக 2 நிமிடம். நூற்றுக்கு எண்பது பங்கு உழைத்தால் 5 நிமிடம். தொண்ணூறு என்றால் 10 நிமிடம். தொண்ணூற்றைந்து என்றால் 20 நிமிடம். கடைசி ஐந்து பங்கில் காத்திருப்பு இரட்டிக்கிறது. கட்டணம் செலுத்தும் கடைசி நாளில் மட்டும் சர்வர் மூச்சுத் திணறுவதன் கணக்கு இதுதான். அந்த நிலையில் பொறியைப் பெருக்குவதோ, கடைசி நாளைப் பலருக்குப் பலவாகப் பிரிப்பதோ உண்மையிலேயே உதவும்.

ஒன்றை மட்டும் அந்த அலுவலகத்துக்கு வேறு காரணத்துக்காக எழுதிக் கொடுத்தேன். எஸ்.க்யூ.எல். சர்வர் 2008-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த நீட்டித்த ஆதரவு 2019 ஜூலையுடன் முடிந்துவிட்டது. வேகத்துக்காக இல்லாவிட்டாலும், பாதுகாப்புக்காக அது புதிய பதிப்புக்கு மாறியாகவேண்டும்.

முடிவுரை

சர்வர் மெதுவாக இயங்கும்போது நாம் செய்யத்தக்கவற்றைத் தொகுத்துக் கூறலாம். உணர்வை எண்ணாக மாற்றுக. நேரத்தைக் குறித்து எழுதுக. வேலை மிகுதியா, காத்திருப்பா என்று நான்கு உறுப்புகளையும் பார்த்துத் தெளிக. காத்திருப்பு என்றால் யாருக்காக என்று தேடுக. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதிக்க. நோய் உள்ள இடத்துக்கு மட்டும் மருந்திடுக. வேகத்துக்காக உண்மையை விலையாகக் கொடாதிருக்க. செய்ததை அடுத்து வருபவருக்காக எழுதி வைக்க.

இவற்றுள் எதற்கும் பெரும்பணமோ அரிய கருவியோ தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் பொறுமையும் போதும். நாளை நம்மில் பலர் ஏதேனும் ஓர் அலுவலகத்து மேசையின் இப்பக்கமோ அப்பக்கமோ அமரப்போகிறோம். "சர்வர் ஸ்லோ" என்ற சொல் காதில் விழும்போது, உட்கார்ந்திருக்கும் மனிதரைக் கடிந்துகொள்ளும் முன், உள்ளே எது எதற்காகக் காத்திருக்கிறது என்று ஒரு கேள்வி கேட்போம். அக்கேள்வியின் மறுமுனையில் பாலுக்கான பணத்துக்காகவோ, உதவித்தொகைக்காகவோ, ஓய்வூதியத்துக்காகவோ யாரோ ஒருவரும் காத்துக்கொண்டிருப்பார்.